ராஜாங்கம் மாமாவின் பின்பிரேக்

ராஜாங்கம் மாமா மாடுகளையும் வண்டியையும் விற்றுவிட்டுப் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்த அன்று, அவருடைய அப்பா கண்ணாயிரம் சாப்பிடவில்லை. ஆலைக்குக் கரும்பு ஏற்றியே காலம் தள்ளியவர் அவர். அச்சுக்கு எண்ணெய் போடாமல் ஒரு நாளும் வண்டியைக் கிளப்பியதில்லை. கீச்சிட்டுக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்தால், "பெத்தவளுக்குச் சோறு போடாதவன் வண்டிடா அது" என்பார். ஆனால் மறுநாள் காலை யாரும் சொல்லாமலே ஈரத்துணியை எடுத்து ராஜ்தூத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். மாட்டைக் கழுவுவது போல முதலில் முகத்தைத்தான், அதாவது முன்விளக்கைத்தான் துடைத்தார் என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மாமா என்றால் என் அக்கா காசியம்மாளின் புருஷன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் வாடகை வீட்டில் குடும்பத்தை வைத்துக்கொண்டு, மலைக்காரர்களிடம் கடுக்காயும் புளியும் தேனும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பார். அதிகம் பேசமாட்டார். பேரம் நடக்கும்போதுகூட விலையை ஒரு தடவை சொல்லிவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "உங்க மாமன் பேசாமயே வெலயக் கொறைக்கிறான்யா" என்று மலைக்காரர்கள் என்னிடமே குறைப்பட்டிருக்கிறார்கள். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த எண்பத்தேழு செப்டம்பரில்.

அப்போது நான் மலையில் அக்கா வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட ஒளித்து வைக்கப்பட்டிருந்தேன் என்பது சரி. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. வேதியியல். இட ஒதுக்கீட்டுக்காக எங்கள் ஆட்கள் சாலை மறியலில் இறங்கியபோது, தியாகதுருகம் பக்கத்து ஊர்களில் போலீஸ் இளவட்டங்களாகப் பார்த்து வண்டியில் ஏற்றுகிறது என்று பேச்சு. "உள்ள போய்ட்டா உத்தியோகம் கெடைக்காதுடா" என்று அம்மா என்னைக் கடைசி பஸ்ஸில் ஏற்றி மலைக்கு அனுப்பிவிட்டாள். படித்தவனுக்கு வேலை வேண்டும் என்றுதான் போராட்டம். படித்தவன் மலையில் உட்கார்ந்து அக்கா கையால் களி தின்றுகொண்டிருந்தான். மரம் வெட்டப் போனவர்களில் பாதிப்பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

அந்தக் காலை, அக்கா மகள் சந்தியா தின்பண்டம் போலப் புளியங்கொட்டைகளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கோழியை விரட்டினாள். அவளுக்கு மூன்று வயது. வீட்டு மூலையில் விற்பதற்கென்று ஒரு மூட்டைக் கொட்டை எப்போதும் கிடக்கும். கோழி சுவரேறித் தப்பியதும் ஓவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

கண்ணாயிரம் மாமா அவளைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அடித்தார். ஒரு கொட்டை வந்தது. இரண்டாவதும் வந்தது. ஆனால் மூச்சு சரியாகவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் ஊதுவது போல ஒரு சத்தம். ராஜாங்கம் மாமா விரலை விட்டுத் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"உள்ள பூடிச்சிய்யா, உள்ள பூடிச்சி" என்று அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மலையிலிருந்த நர்சம்மா ஊருக்குப் போன இடத்தில் மறியலில் மாட்டிக்கொண்டிருந்தார். பஸ் இல்லை, லாரி இல்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக மிச்சமிருந்தது ராஜ்தூத் ஒன்றுதான். அதன் முன்பிரேக் வயர் அறுந்து நாலைந்து நாளாகிறது. கடைகள் மூடிக்கிடந்ததால் புது வயர் போடவில்லை. பின்பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். அதுவும் சில நாளாகச் சரியாகப் பிடிப்பதில்லை என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் அக்கா, அவள் மடியில் சந்தியா, பின்னால் நான். கண்ணாயிரம் மாமா வாசலில் நின்று, "மெதுவா போடா, மெதுவா போடா" என்று கத்திக்கொண்டிருந்தார். அதே வாயால், "சீக்கிரம் போடா" என்றும் கத்தினார்.

இரண்டு வளைவுகளை மாமா கியரிலேயே சமாளித்தார். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, கியரைக் குறைத்தாலும் பெரிதாக இழுத்துப் பிடிக்காது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அவர் பெடலை மிதித்ததை நான் பார்த்தேன். பாதம் கீழே போனது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. வலது பக்கம் பள்ளம். மாமா கைப்பிடியை மலைப்பக்கம் ஒடித்து, மண் கரையில் சக்கரத்தை ஏற்றி, உண்ணிச்செடிப் புதருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. சந்தியா அழக்கூட இல்லை. அழுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

"நடந்தே போயிடலாம்யா. தோ, எறங்கு, நடப்போம்" என்றாள் அக்கா.

"நடந்தா மலை எறங்கவே மத்தியானம் ஆயிடும். அப்புறம் கச்சிராயபாளையம், அப்புறம் கள்ளக்குறிச்சி. எவன் வண்டி குடுப்பான்?" மாமா அதற்குள் வண்டியை இழுத்து ஸ்டாண்டு போட்டிருந்தார்.

பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் நட்டை முடிந்தவரை முறுக்கினார். பெடலை மிதித்துக்கொண்டு, "மச்சான், சக்கரத்தச் சுத்திப் பாரு" என்றார். நான் கையால் தள்ளினேன். சக்கரம் சுற்றியது. அவர் உடம்புப் பாரம் முழுவதையும் பெடலில் போட்டு மறுபடி சுற்றச் சொன்னார். அப்போதும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கம்பி இழுக்கிறது, லீவர் திரும்புகிறது, உள்ளே பிரேக் ஷூ இரண்டும் விரிந்து சக்கரத்தின் டிரம்மைத் தொடுகின்றன. தொட்டும் பிடிக்கவில்லை.

"ஷூ தேஞ்சிருக்குமா?" என்றேன்.

"போன வாரந்தான் மாத்தினேன். கள்ளக்குறிச்சியில ஜாபர் பாய் கடையில." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. "டூப்ளிகேட்ட மாட்டி வுட்டிருக்கான். பாய் பாய்னு வாய் நெறையக் கூப்புட்டனே. எம்புள்ளைக்கு மட்டும் எதுனா ஆச்சின்னா அவன் கடைய..."

முடிக்கவில்லை. பெட்டியிலிருந்த ஸ்பேனரை எடுத்து அச்சு நட்டைக் கழற்ற ஆரம்பித்தார். பேசாத மனிதர் அவ்வளவு பேசியதே எனக்குப் பயமாக இருந்தது. நான் செயினை எடுத்துவிட்டேன். அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து சந்தியாவை நிமிர்த்திப் பிடித்தபடி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டேய் அறிவு, நெறம் மாறுதுடா. பாருடா. நீலமாவுதா?" நான் பார்த்தேன். "இல்லக்கா" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

சக்கரம் கையோடு வந்தது. பிரேக் தட்டைப் பிரித்து மாமா தூக்கியதும் ஒரு வாடை அடித்தது. ரப்பர் வாடை இல்லை, கிரீஸ் வாடையும் இல்லை. புது ஷூ இரண்டும் தேயவே இல்லை. ஜாபர் பாய் கொடுத்தது நல்ல சரக்குதான். ஆனால் அவற்றின் மேல் ஒட்டியிருந்த லைனிங் கறுத்துப் பளபளத்தது. டிரம்முக்குள் விரலை வைத்தால் வழுக்கியது.

மாமா விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"வெளக்கெண்ண" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "மாமாதான்யா. உங்கப்பா. தெனிக்கும் காலையில கிண்ணத்தோட சக்கரத்தாண்ட குந்திக்கினு இருப்பாரு. நீ புது ஷூ போட்டதிலேர்ந்து வண்டி கீச்சிக்கீச்சின்னு கத்துச்சே. சக்கரம் அழுவுது, அழுவுதுன்னு கோழி எறகால அந்த லீவர் உள்ள போற எடத்துல சொட்டுவாரு. நானும் பார்த்துக்கினுதான்யா இருந்தேன்." அவள் குரல் உயர்ந்தது. "அந்தக் கெழவன் கை..."

"வாய மூடு."

மாமா ஸ்பேனரை ஓங்கித் தார்ச்சாலையில் அடித்தார். அது எகிறிப் பள்ளத்தின் ஓரம் போய் விழுந்தது. அதுதான் நான் பார்த்த கோபம். பிறகு எழுந்து போய் ஸ்பேனரை எடுத்து வந்தார்.

"ரெண்டு பேருக்கும் சொல்றேன். இது அவருக்குத் தெரியக் கூடாது. எம்பொண்ணு பொழைச்சாலும் சரி, இல்லாட்டியும் சரி. தெரிஞ்சா அந்த மனுசன் இருக்கமாட்டாரு."

பெட்ரோல் டேங்க் குழாயைக் கழற்றி ஒரு கிழிந்த துணியை நனைத்தார். ஷூவைத் துடைத்தார், டிரம்மைத் துடைத்தார். மண்ணைப் போட்டுத் தேய்த்தார். மறுபடி பெட்ரோல். விரலை வைத்தால் வழுக்கல் குறையவில்லை. எண்ணெய் இடம் மாறியது, போகவில்லை. மறுபடியும் துணியை நனைத்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கல்லூரி ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. மற்ற எண்ணெய்கள் கரைவது போல விளக்கெண்ணெய் பெட்ரோலில் கரையாது. ஆல்கஹாலில் கரையும். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. அதற்கு மேல் அதனால் யாருக்கும் எந்த உபயோகமும் இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"மாமா, சாராயம் வேணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவனுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று இருந்தது. ஆனால் கல்வராயன் மலையில் சாராயம் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. போலீஸ் முழுக்கக் கீழே மறியலைத் தடுக்கப் போயிருந்ததால் அந்த நாட்களில் கேனில் சாராயம் சுமப்பவர்கள் ஒற்றையடிப் பாதையை விட்டுவிட்டுச் சாலையிலேயே நடந்தார்கள். நான் வளைவைத் தாண்டி ஓடினேன். மேலேயிருந்து தோளில் காவடிக்கட்டையும் இரண்டு பக்கமும் கேனுமாக ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேனோடு மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

"அண்ணே, போலீஸ் இல்லண்ணே. வண்டி பிரேக்குக்கு வேணும்ணே, ஒரு சொம்பு போதும்."

"இன்னாது, பிரேக்குக்கா?" மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "மனுசனுங்க குடிச்சிக் கெட்டது பத்தலன்னு வண்டிக்கும் வாங்கித் தர வந்துட்டியா? யாருடா நீ?"

"கடுக்காய் ராஜாங்கம் மச்சான். கொழந்த தொண்டயில கொட்ட மாட்டிக்கிச்சி."

அவர் வெளியே வந்தார். இருசப்பன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வளைவுக்கு வந்து சந்தியாவின் விசில் சத்தத்தைக் கேட்டதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கேன் மூடியைத் திறந்தார். "மொத வடி. தண்ணி ஒரு சொட்டு சேக்கல. பீடிய கிட்ட கொண்டாராத."

சாராயத்தில் நனைத்துத் துடைத்தோம். துணி பழுப்பானது. இன்னொரு துணி. பிறகு அக்காவின் முந்தானையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. ஷூ இரண்டையும் சாராயத்தில் முக்கிப் பாறையில் வைத்து, வண்டியிலிருந்து தள்ளி, மாமா தீக்குச்சி கிழித்துப் போட்டார். நீலமாக எரிந்தது, பிறகு லைனிங்கின் துளைகளிலிருந்து எண்ணெய் கொப்பளித்து மஞ்சளாகப் புகைந்தது. அணைந்ததும் சூட்டோடு சொரசொரப்பான பாறையில் தேய்த்தார். மறுபடி முக்கி, மறுபடி எரித்தார். இருசப்பன் டிரம்மைத் தன் தலைத்துண்டால் துடைத்துக்கொண்டே, "எஞ்சரக்கு நல்ல காரியத்துக்கு எரியறது இதாண்டா மொத தபா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

எண்ணெயை எடுத்தது சாராயமா, தீயா, பாறையா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சாராயத்தில் தண்ணீர் எவ்வளவு இருந்ததோ, அதில் எவ்வளவு எண்ணெய் கரைந்ததோ. மாமா சக்கரத்தை மாட்டி, பெடலை மிதித்தார். நான் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை.

"ஏறுங்க" என்றார்.

அடுத்த வளைவில் பிரேக் பிடித்தபோது பன்றி கத்துவது போல ஒரு கீச்சு. அடிவாரம் வரை ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கீச்சு. சந்தியாவின் விசில் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். இரண்டில் எது நின்றாலும் செத்தோம் என்று நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலை நெடுக மரங்கள். ஒரு பெரிய புளியமரம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் சுபாஷ். பள்ளியில் என்னோடு எட்டாவது வரை படித்தவன்.

"எந்த வண்டியும் போவக் கூடாது, தெரியுமில்ல?" என்று இன்னொருவன் அரிவாளோடு வந்தான்.

"டேய், இவன் நம்ம பி.எஸ்ஸி.டா" என்றான் சுபாஷ். "வாங்க சார். ஒனக்கு உத்தியோகம் வேணும்னு நாங்க இங்க மரம் வெட்டிக்கினு இருக்கோம், நீ ஜாலியா வண்டியில சுத்தறியா?"

அக்கா சந்தியாவைத் தூக்கி அவன் காதருகே கொண்டுபோனாள். அவன் ஒரு மூச்சைக் கேட்டான். அவன் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. "புடிங்கடா" என்றான். ஆளுக்கொரு பக்கமாக ராஜ்தூத்தைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். சுபாஷ் எங்களுக்கு முன்னால் சைக்கிளில் போய், அடுத்தடுத்த மரங்களில் இருந்தவர்களைக் கூவி எழுப்பினான். என்னிடம் அதற்குப் பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டதும் தலையை ஆட்டினார். கொட்டை வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில் இருக்கிறது, ஈரத்தில் ஊறி உப்பும், இங்கே எடுக்க வசதியில்லை, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். ஆஸ்பத்திரி வண்டி தியாகதுருகம்கூடத் தாண்ட முடியாது. மோட்டார் சைக்கிள் ஒருவேளை போகலாம்.

மாமா நேராக ஜாபர் பாய் கடைக்கு விட்டார். எரித்த லைனிங் பாண்டிச்சேரி வரை தாங்குமா என்று அவருக்குப் பயம். ஷட்டர் மூடியிருந்தது. தட்டியதும் பாய் பாதி தூக்கி, குனிந்து பார்த்து, குழந்தையைப் பார்த்ததும் முழுக்கத் தூக்கினார். அவருடைய வீட்டம்மா ரஜியா உள்ளேயிருந்து ஓடி வந்து சந்தியாவை விசிறினார். பாய் சக்கரத்தைக் கழற்றி ஷூவைக் கையில் எடுத்தார்.

"இன்னாய்யா இது? போன வாரம் போட்டு வுட்ட ஷூ கரிக்கட்டையா இருக்குது. எண்ண எறங்கியிருக்கே. பிரேக்குல எவன்யா எண்ண வுட்டது?"

நான் மாமாவைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

"நாந்தான் பாய்."

"நீயா?"

"கத்துச்சி. அதான் வுட்டேன்."

"அறிவு இருக்குதாய்யா ஒனக்கு? இத்தினி வருசமா வண்டி ஓட்டற, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! பச்சப் புள்ளைய வெச்சிக்கினு மலையிலேர்ந்து இதுலயா எறங்கின? பெத்த அப்பன் செய்யற வேலையா இது?" கைகள் புது ஷூவையும் முன்பிரேக் வயரையும் மாட்டிக்கொண்டே இருந்தன, வாய் ஏசிக்கொண்டே இருந்தது. மாமா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில், "தப்புத்தான் பாய்" என்றார். காலையில் அந்தக் கடையை என்னவோ செய்வேன் என்று ஆரம்பித்த அதே வாய்தான்.

மூன்று பேர் பாரம் வேண்டாம் என்று நான் இறங்கிக்கொண்டேன். அவர்கள் தியாகதுருகம் சாலையில் போனார்கள். உளுந்தூர்பேட்டையில் என்ன நிலைமை என்று யாருக்கும் தெரியாது.

நான் மலைக்கு நடந்தேன். கண்ணாயிரம் மாமாவிடம் யாராவது சேதி சொல்ல வேண்டும். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வழியில எங்கனா நின்னீங்களா?" இல்லை என்றேன். அடுத்த நாளும் அதையே கேட்டார். அதற்கு அடுத்த நாளும். பஸ் இல்லாததால் கீழேயிருந்து ஒரு சேதியும் வரவில்லை. ராத்திரியெல்லாம் கிழவர் உருண்டு புரள்வது கேட்கும். சந்தியா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத வீட்டில் அவள் கால் தண்டையைத் தேடி எடுத்துப் பரணில் வைத்தேன், அவர் கண்ணில் படாமல்.

சாலையில் மரங்களை அகற்றி, பஸ் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாள் கழித்து அவர்கள் வந்தார்கள். வாசலில் வண்டி வந்து நின்றபோது பிரேக்கின் கீச்சு கேட்டது. குழாய் விட்டுக் கொட்டையை எடுத்திருந்தார்கள். ஆனால் எடுக்கத் தாமதமானதில் நுரையீரலில் சளி கட்டிவிட்டது, இருமல் நீண்ட நாளைக்கு இருக்கும், எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். சந்தியாவின் குரல் கரகரத்துக் கிடந்தது.

மறுநாள் காலை கண்ணாயிரம் மாமா எண்ணெய்க் கிண்ணத்தோடு சக்கரத்தருகே உட்கார்ந்திருந்தார். ராஜாங்கம் மாமா போய்ப் பக்கத்தில் குந்தினார்.

"அதுக்கு எண்ண வாணாம்பா."

"கத்துதேடா."

"கத்தட்டும். இது மாட்டு வண்டி இல்ல. கத்தினாத்தான் நிக்கும்."

"நல்ல வண்டி வாங்கினடா. நிக்கறதுக்கே ஒப்பாரி வெக்குது." கிழவர் இறகைக் கிண்ணத்தின் ஓரத்தில் வழித்தார். கொஞ்ச நேரம் அந்த லீவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்தினி நாளு நான் வுட்டுக்கினு இருந்தேனே?"

"அது வெளியவே வழிஞ்சிடும். உள்ள போவாது."

கிழவர் மகனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன். சொல்லு. உள்ள போவாதா?"

ராஜாங்கம் மாமா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவாது மாமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். சந்தியாவைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, கிண்ணத்திலிருந்த எண்ணெயை அவள் உச்சந்தலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அவள் இருமினாள். அவர் கை நின்றது. இருமல் அடங்கும் வரை கையை அவள் தலையிலேயே வைத்திருந்தார்.